ரசிகர் பொம்மை விற்பவர்களே, அச்சு பறிபோகும் முன் படியுங்கள்

கொலு நேரத்தில் சோட்டா பீம் பொம்மை கேட்டு வருகிறார்கள். இன்ஸ்டாகிராமில் அனிமே (ஜப்பானியக் கார்ட்டூன்) ரெசின் சிலைக்கு ஆர்டர் வருகிறது. பிறர் படைத்த கதாபாத்திரத்தை இப்படி ரசிகர் பொம்மையாகச் செய்து தருகிறவருக்கு அதில் தவறிருப்பதாகவே தோன்றுவதில்லை. ஆனால் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 14-வது பிரிவு, தட்டையான ஓவியத்தை முப்பரிமாணத்தில் செய்யும் உரிமையையும் ஓவியத்தின் உரிமையாளருக்கே தருகிறது. களிமண்ணை நீங்களே கையால் பிசைந்தீர்கள் என்பதால் அந்த உருவம் உங்களுடையதாகிவிடாது. ஆர்டருக்கு ஒன்றே ஒன்று செய்தாலும் விற்பனைதான்.

பலரை மாட்டிவிடுவது அவர்கள் போடும் குறிப்பேதான். “ரசிகர் படைப்பு, உரிமை நிறுவனத்துக்கே” என்று எழுதினால் பாதுகாப்பு என நம்புகிறார்கள். 63-வது பிரிவின் குற்றத்துக்குத் தெரிந்தே செய்ததாக நிரூபிக்க வேண்டும். அதற்கான சாட்சியை நீங்களே எழுதிக் கொடுத்துவிடுகிறீர்கள். “30 சதவீதம் மாற்றினால் போதும்” என்று சட்டத்தில் எங்கும் இல்லை. விலைக்கு வாங்கிய எஸ்.டி.எல். கோப்போடு (3டி பிரிண்டருக்கான வடிவக் கோப்பு) வரும் வணிக உரிமமும் கைகொடுக்காது. கோப்பைச் செதுக்கியவர் தன் உழைப்புக்குத்தான் அனுமதி தர முடியும், கதாபாத்திரத்துக்கு அல்ல.

உத்யம் (சிறுதொழில்) பதிவு, ஜி.எஸ்.டி. எண், 500 ரூபாய் கட்டிப் பதிப்புரிமைப் பதிவு என்று அலைய விடுகிறவர்கள் இருக்கிறார்கள். இதில் எதுவும் அடுத்தவர் கதாபாத்திரத்தை விற்க அனுமதி ஆகாது. இந்த ஒரு வரியை முதல் நாளே யாராவது சொல்லியிருந்தால் எத்தனையோ பேருடைய பணமும் அலைச்சலும் மிச்சமாகியிருக்கும்.

தண்டனை 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். இது பிணையில் விடமுடியாக் குற்றம் என்று 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பிணையே கிடைக்காது என்று பொருளல்ல. நீதிமன்றத்தில்தான் கேட்க வேண்டும். விசாரணைக்கு நேரில் வரச்சொல்லி போலீஸ் நோட்டீஸ் தந்தால் தவறாமல் போங்கள். போகாமல் இருப்பதுதான் கைதுக்கு வழிவிடும்.

எஸ்.ஐ. அல்லது அதற்கு மேல் அந்தஸ்தில் உள்ள போலீஸ் அதிகாரி வாரண்ட் இல்லாமலே கைப்பற்றலாம். பொம்மைகளோடு சிலிகான் அச்சுகளும் போகும். இங்கேதான் தொழிலே முடங்குகிறது. மகஜரில் (கைப்பற்றிய பொருட்களின் பட்டியலில்) “பொம்மை செய்யும் பொருட்கள் ஒரு மூட்டை” என்று எழுதினால் கையெழுத்துப் போடாதீர்கள். “பிள்ளையார் அச்சு 3, கார்ட்டூன் அச்சு 2” என ஒவ்வொன்றாக எழுதச் சொல்லி நகல் வாங்குங்கள். கைப்பற்றுவதை வீடியோ எடுக்க வேண்டியது இப்போது போலீஸின் கடமை, அதையும் கேளுங்கள். உங்கள் சொந்த வடிவங்களின் அச்சைத் திரும்பக் கேட்டு நீதித்துறை நடுவரிடம் மனுப் போட 15 நாள்தான் அவகாசம். “நாளைக்கு வாங்க, பேசிக்கலாம்” என்று ஸ்டேஷனில் சொல்வதை நம்பி நடந்தே அந்த 15 நாளும் போய்விடுகிறது. ஸ்டேஷனில் தரும் மனு இந்தக் கணக்கில் சேராது.

வக்கீல் நோட்டீஸ் மட்டும் வந்திருந்தால், அன்றே விற்பனைப் பக்கத்தை எடுத்துவிடுங்கள். பில், சாட் எதையும் அழிக்க வேண்டாம். நோட்டீஸோடு வரும் உறுதிமொழிப் பத்திரத்தில் பழைய விற்பனை முழுவதையும் ஒப்புக்கொள்ளும் வரி இருக்கலாம். வக்கீலிடம் காட்டாமல் கையெழுத்திடாதீர்கள். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் எவ்வளவானாலும் இலவச சட்ட உதவி உண்டு; அழைக்க வேண்டிய எண் 15100. அமெரிக்க விற்பனைத் தளத்தில் உங்கள் பொருள் நீக்கப்பட்டால் ஆத்திரத்தில் தளத்துக்கு எதிர்மனு அனுப்பாதீர்கள். அதில் அந்நாட்டு நீதிமன்ற அதிகாரத்தை ஏற்பதாக எழுதித் தர வேண்டும்.

கார்ட்டூனை விட்டு நடிகர் பொம்மைக்கு மாறினாலும் சிக்கல் தீராது. ரஜினிகாந்த் தொடுத்த வழக்கில், ஒரு படம் அவர் பெயரையும் உருவத்தையும் பாணியையும் பயன்படுத்த 2015-ல் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது.

அனுமதி கேட்பதானால் எழுத்தில் வாங்குங்கள். ஓவியர் உங்கள் படத்துக்கு “சூப்பர்” என்று கமெண்ட் போட்டது அனுமதி ஆகாது. எந்த உருவம், எத்தனை பொம்மை, எத்தனை ஆண்டு, எவ்வளவு தொகை என்று அதில் இருக்க வேண்டும். காலத்தைக் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும்.