கடல் மீனுக்கு ஆன்டிபயாடிக் ஏன் கேக்க மாட்டேங்குது?

மரைன் டேங்க் வச்சிருக்கவங்க நிறைய பேர் சொல்ற கதை இது. க்ளவுன் ஃபிஷ்ஷுக்கு துடுப்பு அரிச்சுப் போச்சு, உடம்புல செவப்பா புண்ணு, டெட்ராசைக்ளின் கேப்ஸ்யூலை பிரிச்சு தண்ணில கொட்டினேன், மருந்து கேக்கவே இல்ல. மருந்து டூப்ளிகேட்டோன்னு சந்தேகப்படுறாங்க, ஆனா பெரும்பாலும் பிரச்சனை தண்ணிலதான்.

கடல் தண்ணில லிட்டருக்கு சுமார் 400 மில்லிகிராம் கால்சியமும் 1,300 மில்லிகிராம் மெக்னீசியமும் இருக்கு. டெட்ராசைக்ளின் வகை மருந்துங்க இது ரெண்டோடயும் ஒட்டிக்கும், அப்படி ஒட்டிக்கிட்ட மருந்து மீன் உடம்புக்குள்ள போறது ரொம்ப கம்மி. இந்த மாத்திரைய பாலோட சேத்து போடாதீங்கன்னு டாக்டர் சொல்றதுக்கும் இதேதான் காரணம்.

அதனால மருந்தை சாப்பாட்டுல குடுக்கறதுதான் பெஸ்ட். ஃப்ரோசன் மைசிஸ்ஸை (மீனுக்குப் போடற குட்டி இறால் மாதிரி தீனி) உருக்கி தண்ணிய வடிச்சிட்டு, மருந்தோட கொஞ்சம் ஜெலட்டினையும் கரைச்சு ஊத்தி பிசைஞ்சு ஃப்ரிட்ஜ்ல வச்சா கெட்டியாயிடும், தொட்டில போட்டாலும் மருந்து சட்டுனு கரைஞ்சு போகாது. ஆனா மீன் சாப்பிடணும்ல! அதான் மீன் சாப்பிடறதை நிறுத்தறதுக்கு முன்னாடியே மருந்தை ஆரம்பிக்கணும்னு அழுத்தி சொல்றேன். எந்த மருந்து, எவ்ளோன்னு மீனைப் பாக்கற வெட்னரி டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க.

புண்ணு ஏன் இவ்ளோ சீக்கிரம் ஆளைக் கவுக்குதுன்னா, கடல் மீனோட ரத்தத்துல உப்பு கடல்ல இருக்கறதுல மூணுல ஒரு பங்குதான், அதனால உடம்புல இருக்க தண்ணி எப்பவும் வெளிய போயிட்டே இருக்கும், அதை ஈடுகட்ட மீன் கடல் தண்ணிய குடிச்சு உப்பை செவுள் வழியா வெளிய தள்ளிட்டே இருக்கு. தோல் கிழிஞ்சா அந்த இடத்துல தண்ணி இன்னும் வேகமா போகும், கிருமி ஒரு பக்கம்னா நீர்ச்சத்து இழப்பு இன்னொரு பக்கம்.

கிருமி பெரும்பாலும் விப்ரியோங்கற பாக்டீரியா வகை, கடல் தண்ணில எப்பவுமே இருக்கறதுதான். பயணக் களைப்பு, அம்மோனியா, கூட இருக்க மீன் கடிக்கறதுன்னு மீன் சோர்ந்து போனா அப்பதான் உள்ள புகும். இன்னொண்ணு, செவந்த புண்ணெல்லாம் பாக்டீரியா இல்ல. க்ரோமிஸ் மீனுக்கு வர்றது பல நேரம் யூரோனிமாங்கற ஒட்டுண்ணி, ஆன்டிபயாடிக் அதுக்கு ஒண்ணும் பண்ணாது, தோலை லேசா சுரண்டி மைக்ரோஸ்கோப்ல பாத்தாதான் தெரியும்.

மெயின் டேங்க்ல மருந்து ஊத்தவே கூடாது. லைவ் ராக்ல (தொட்டில போடற, உயிரிங்க குடியிருக்கற கல்லு) அம்மோனியாவை சாப்பிடற நல்ல பாக்டீரியாவும் செத்துடும், கடல் தண்ணி பிஎச் 8.2 கிட்ட இருக்கறதால அம்மோனியா விஷமும் அதிகம். நோய் வந்த மீனுக்கு மணல் கல்லு எதுவும் இல்லாத தனி தொட்டி, ஒளிஞ்சுக்க ஒரு பிவிசி பைப் துண்டு, ஏர் ஸ்டோன், தினமும் தண்ணி மாத்தணும். ஃபில்டர்ல கார்பன் போட்டா மருந்தை உறிஞ்சிடும், எடுத்துடுங்க.

மைக்கோபாக்டீரியம் மரினம்ங்கற பாக்டீரியா மட்டும் தனி ரகம். 1926ல ஃபிலடெல்ஃபியா அக்குவேரியம்ல செத்த மீன்ல கண்டுபிடிச்சாங்க, மீனுக்கு இதுல இருந்து குணமாகறது ரொம்ப அபூர்வம். சுமார் 30 டிகிரி சூடுதான் அதுக்குப் பிடிக்கும், அதனால மனுஷனுக்கு வந்தா கை விரல்லதான் முதல்ல கட்டி வரும். கைல வெட்டுக்காயம் இருந்தா க்ளவுஸ் போடாம தொட்டில கை விடாதீங்க, ஆறாத கட்டின்னு டாக்டர்கிட்ட போனா வீட்ல மீன் தொட்டி இருக்குன்னு முதல்லயே சொல்லிடுங்க.