“போட்டுத்தான் போனான் டாக்டரம்மா”

போன வாரம் ராத்திரி ஏழரை மணி இருக்கும். எங்கள் கேஷுவால்டி மேசை மேல் ஒருவர் ஹெல்மெட் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். புத்தம் புதுசு. கண்ணாடி மேல் ஒட்டி வரும் மெல்லிய பிளாஸ்டிக் தாளைக்கூட உரிக்கவில்லை. வாரின் நுனியில் விலைச்சீட்டு நூலோடு தொங்கியது. எங்குமே பேருக்குத்தான் ஒரு கீறல். அதற்குச் சொந்தக்காரப் பையன் திரைக்கு அந்தப் பக்கம் ஸ்ட்ரெச்சரில் கிடந்தான். வயசு இருபத்திநாலு. வலது கண்ணின் பாப்பா விரிய ஆரம்பித்திருந்தது, மண்டைக்குள் மூளை நசுங்குவதன் அடையாளம்.

“போட்டுத்தான் போனான் டாக்டரம்மா, நான் என் கண்ணால பாத்தேன்லா” என்றார் கூட வந்த மச்சான். அவர் சொன்னது உண்மைதான். புனலூரில் கொத்து வேலை முடித்துத் திரும்பும்போது, புளியரை எஸ் வளைவில், தூறலில் வண்டி சறுக்கியிருக்கிறது. பையன் தரையைத் தொடும் முன்பே ஹெல்மெட் கழன்று உருண்டுவிட்டது. ரோட்டில் மோதியது வெறும் தலை. திருநெல்வேலிக்கு அனுப்பினோம். ஆபரேஷன் முடிந்துவிட்டது, அம்மாவை இன்னும் அடையாளம் தெரியவில்லை.

இந்தச் சாரல் சீசனில் இதே மாதிரி நான் பார்ப்பது இது நாலாவது. நாலு பேரிடமும் ஹெல்மெட் இருந்தது. நாலு பேருமே வாரை மாட்டவில்லை.

செங்கோட்டையிலிருந்து மேற்கே வேலைக்குப் போகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். ஊருக்குள் ஹெல்மெட் பெட்ரோல் டேங்க் மேல் உட்கார்ந்திருக்கும். கேரள எல்லையில் கோட்டைவாசல் கருப்பசாமியைக் கும்பிட்டுவிட்டு, ஆரியங்காவுக்கு முன்னால் தலைக்கு ஏறும். கேரளத்தில் 2023 ஜூன் 5 முதல் ஏ.ஐ. கேமரா பார்த்து அபராதம் போடுகிறார்கள் அல்லவா, அந்தப் பயம். கேமராவுக்காகக் கவிழ்த்துக்கொள்கிறவர் வாரை எதற்கு மாட்டப் போகிறார்? ஆனால் 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-வது பிரிவைப் படித்துப் பாருங்கள். வாரால் தலையோடு இறுக்கிக் கட்டியதைத்தான் அது தலைக்கவசம் என்கிறது. வார் தொங்கினால் சட்டப்படியே நீங்கள் ஹெல்மெட் போடாதவர்தான்.

முதலில் ஹெல்மெட்டை வற்புறுத்தியது போலீஸ் இல்லை, எங்கள் தொழில்காரர்கள்தான். 1935-இல் ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’ என்று பேர்பெற்ற ஆங்கிலேயப் படை அதிகாரி டி. ஈ. லாரன்ஸ் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து ஆறு நாள் நினைவில்லாமல் கிடந்து இறந்தார். அவரைப் பார்த்த மருத்துவர்களில் ஹ்யூ கெய்ர்ன்ஸ் என்ற மூளை அறுவை நிபுணரும் ஒருவர். மோட்டார் சைக்கிள்காரர்களின் தலைக்காயங்களை ஆராய்ந்து, ஹெல்மெட் உயிரைக் காக்கும் என்று 1941-இல் எழுதினார். பல ஆய்வுகளைத் தொகுத்த, காக்ரேன் என்ற சர்வதேச மருத்துவ ஆய்வு அமைப்பின் அறிக்கை, ஹெல்மெட்டால் சாவு 42 சதவீதமும் தலைக்காயம் 69 சதவீதமும் குறைவதாகச் சொல்கிறது.

சரி, வாரை ஏன் மாட்டுவதில்லை, ஹெல்மெட் ஏன் தலையில் ஆடுகிறது என்று கேட்டால் எல்லாரும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறார்கள். “புதுசு ரொம்ப டைட்டா இருந்துச்சு, அதான் ஒரு சைஸ் பெருசா வாங்கினேன்.” இதைக் கேட்டாலே எனக்கு ஆத்திரம் வருகிறது. பள்ளிக்கூடச் சட்டையை வளர்கிற பிள்ளைக்கு ஒரு சுற்றுப் பெரிதாக எடுப்போம், நியாயம். உங்கள் தலை இனி வளரப் போவதில்லை. வளரப் போவது ஹெல்மெட்டின் உட்புறம்தான். கன்னத்துக்கும் நெற்றிக்கும் வைத்திருக்கிற ஸ்பாஞ்ச் சில வாரங்களில் அமுங்கி இடம் விடும். கடையிலேயே சுகமாக இருந்த ஹெல்மெட் மூன்றாம் மாதம் தலையில் ஆடும். ஆடுகிற ஹெல்மெட் கண்ணை மறைக்கும், வாரை இறுக்கினாலும் பின்பக்கமிருந்து புரண்டு கழன்றுவிடும்.

புது ஹெல்மெட் இறுக்கமாகத்தான் இருக்க வேண்டும். கன்னம் இரண்டும் உள்ளே தள்ளி, பேசினால் கொஞ்சம் கடிபட வேண்டும். தலையை இடமும் வலமும் ஆட்டுங்கள். கன்னத்துத் தோலும் புருவமும் ஹெல்மெட்டோடு சேர்ந்து அசைய வேண்டும். ஹெல்மெட் மட்டும் திரும்பி முகம் நின்ற இடத்தில் நின்றால் கீழே வைத்துவிட்டுச் சின்னதைக் கேளுங்கள். தலை முழுக்கச் சமமாகப் பிடித்தால் அது சரியான அளவு. நெற்றியில் ஒரே இடத்தில் மட்டும் குத்தி, கழற்றும்போது காசளவு சிவந்திருந்தால் அந்த வடிவம் உங்கள் தலைக்குப் பொருந்தவில்லை என்று அர்த்தம். அப்போது மாற்ற வேண்டியது மாடலை, சைஸை அல்ல. கடைக்காரர் முகம் சுளித்தாலும் பத்து நிமிஷம் போட்டுக்கொண்டு நில்லுங்கள்.

வீட்டிலேயே அளந்துவிட்டுப் போகலாம். தையல் டேப்பைப் புருவத்துக்குச் சற்று மேலே, காதுக்கு மேலே, பின்மண்டைப் புடைப்பைச் சுற்றிப் பிடியுங்கள். 58 சென்டிமீட்டர் வந்தால் 580 என்று போட்டிருப்பதை முதலில் போட்டுப் பாருங்கள். கடைசிச் சோதனை இது: வாரை மாட்டிக்கொண்டு குனியுங்கள். கூட வந்தவரைப் பின்கழுத்துப் பக்கத்து விளிம்பில் கை வைத்து மேலும் முன்னுமாகத் தள்ளச் சொல்லுங்கள். கடையில் கழன்றால் ரோட்டிலும் கழலும்.

வார் தாடை நுனியில் உட்காரக் கூடாது, தாடைக்குப் பின்னால் தொண்டையோடு போக வேண்டும். ஒரு விரல் நுழைந்தால் போதும். மூச்சு முட்டுகிறது என்பவர்கள் நான் பார்த்தவரை வாரை ஒருமுறைகூட அளவு பண்ணிக்கொள்ளாதவர்கள். பின்னால் உட்காரும் தங்கச்சிமார்களே, கொண்டையின் மேல் ஹெல்மெட்டைக் கவிழ்க்காதீர்கள். நானும் நீளமுடிக்காரிதான், தாழ்வாகப் பின்னிக்கொண்டால் எந்தத் தொல்லையும் இல்லை.

ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாததை விற்பது 2021 ஜூன் 1 முதல் சட்டவிரோதம். முத்திரைக்கு மேலே ஐ.எஸ். 4151 என்ற ஹெல்மெட் தர எண்ணும் கீழே உரிம எண்ணும் இருக்கும், முத்திரை தரும் அரசு அமைப்பான பி.ஐ.எஸ்.-இன் ‘பி.ஐ.எஸ். கேர்’ ஆப்பில் அந்த எண்ணைத் தட்டிப் பாருங்கள். உள்ளே விரலால் அழுத்தினால் ஸ்பாஞ்சுக்குப் பின்னால் கெட்டியான தெர்மாகோல் தட்டுப்பட வேண்டும். இல்லையென்றால் வெறும் பிளாஸ்டிக் சட்டி.

அந்தத் தெர்மாகோல்தான் உங்கள் உயிர். ஒரு முறை நசுங்கினால் திரும்ப எழும்பாது. போட்டுக்கொண்டு விழுந்திருந்தால், வெளியே பளபளப்பாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள். வண்டிக் கண்ணாடிக் கம்பியில் கவிழ்த்து மாட்டாதீர்கள், உள்ளே குழி விழும். பெட்ரோலும் தின்னரும் தெர்மாகோலைக் கரைக்கும். சோப்புத் தண்ணீர் போதும். மழையில் நனைந்தால் நிழலில் காய வையுங்கள். முதல் நாளே அந்தப் பிளாஸ்டிக் தாளை உரித்துவிடுங்கள், தயவுசெய்து.

வழியில் யாராவது ஹெல்மெட்டோடு விழுந்து நினைவில்லாமல் கிடந்தால் வெடுக்கென்று உருவாதீர்கள். முன்கண்ணாடியை மட்டும் தூக்கிவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். மூச்சு இல்லை, வாந்தி எடுக்கிறார் என்றால் மட்டும், ஒருவர் கழுத்தை அசையாமல் பிடிக்க இன்னொருவர் மெதுவாகக் கழற்றட்டும். எழுந்து நடந்து டீ குடித்தவரையும், தலையில் அடிபட்டிருந்தால் கூட்டி வாருங்கள். அப்படி வீட்டுக்குப் போய்ப் படுத்தவர்களைக் காலையில் பார்த்திருக்கிறேன்.

தையல் பிரிக்க, கட்டு மாற்ற, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று எதற்காவது எங்கள் ஆஸ்பத்திரிக்கு வண்டியில்தானே வருகிறீர்கள். ஹெல்மெட்டை வண்டியில் விட்டுவிடாமல் உள்ளே எடுத்து வாருங்கள். வாரை உங்கள் தாடைக்கு நானே அளவு பண்ணித் தருகிறேன், இரண்டு நிமிஷம்கூட ஆகாது.