டிராக்மா, திர்ஹாம், திரமம், டிராம்: பெயரை மட்டும் நம்பிப் பழங்காசு வாங்காதீர்கள்

இணையத்தில் பழங்காசு விற்பவர்கள் பலர் 'டிராக்மா, வெள்ளி' என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எந்த அரசன், எந்த ஊர் அக்கசாலை (காசு அடித்த இடம்), எத்தனை கிராம் என்ற மூன்றும் தெரியாமல் பணம் அனுப்ப வேண்டாம். 2,500 ஆண்டுகளாக இந்தப் பெயர் நாடு நாடாகப் போயிருக்கிறது. எடை அதனுடன் போகவில்லை.

கிரேக்கத்தில் டிராக்மா என்றால் ஒரு கைப்பிடி. ஆறு இரும்புக் கம்பிகள் சேர்ந்தது அந்தக் கைப்பிடி. கம்பிக்கு ஓபோல் என்று பெயர். வெள்ளிக்காசு வந்த பிறகும் 6 ஓபோலுக்கு 1 டிராக்மா, 6,000 டிராக்மாவுக்கு 1 தாலந்து என்ற கணக்கு நீடித்தது. பைபிளில் வரும் அதே தாலந்துதான். ஆனால் கிரேக்கத்துக்குள்ளேயே ஏதென்ஸ் டிராக்மா சுமார் 4.3 கிராம், ஏஜினா தீவில் சுமார் 6.1, கொரிந்தில் சுமார் 2.9.

இந்தியச் சந்தையில் அதிகம் புழங்குவது இந்தோ-கிரேக்க டிராக்மா. இந்தியாவின் வடமேற்கை ஆண்ட கிரேக்க மன்னர்கள் மெனாந்தர், அப்பல்லோதோத்தஸ் காலத்து இந்தக் காசு சுமார் 2.45 கிராம்தான். ஒரு பக்கம் கிரேக்க எழுத்து, மறுபக்கம் கரோஷ்டி என்ற பழைய வடமேற்கு இந்திய எழுத்தில் 'மகாராஜஸ த்ராதரஸ மெனந்த்ரஸ' (காக்கும் மகாராஜா மெனாந்தருடையது). அரசன் பெயர் இரண்டு மொழியிலும் உண்டு, காசின் பெயர் எங்கும் இல்லை. 'அலெக்சாண்டர் டிராக்மா' என்று 2.4 கிராம் காசைக் காட்டினால் அது அலெக்சாண்டர் காசாக இருக்க வாய்ப்பில்லை. அவருடையது ஏதென்ஸ் எடையில் அடிக்கப்பட்டது. மெனாந்தர் என்று 4.2 கிராம் காட்டினாலும் நிதானியுங்கள்.

பாரசீக சாசானியர் இதை திரஹ்ம் என்றார்கள். சுமார் 4 கிராம், தகடுபோல் மெல்லிய, அகன்ற காசு. அரபியில் அதுவே திர்ஹம். கலீபா அப்துல் மலிக் ஹிஜ்ரி 79 (கி.பி. 698-99) அளவில் சீர்திருத்திய திர்ஹம் சுமார் 2.97 கிராம். வாங்குபவருக்கு இது நல்ல காசு: 'இந்தத் திர்ஹம் இன்ன ஊரில், இன்ன ஆண்டு அடிக்கப்பட்டது' என்று அதிலேயே எழுதியிருக்கும். அரபு எழுத்து தெரிந்த ஒருவரிடம் படம் அனுப்பினால் பாதிச் சந்தேகம் தீரும். அமீரகம் 1973-இல் வெளியிட்ட திர்ஹாம், ஆர்மேனியா 1993-இல் கொண்டுவந்த டிராம் எல்லாம் இந்தப் பெயரின் வாரிசுகள்தான்.

வடஇந்தியக் கல்வெட்டுகளில் இது திரம்மம். பிரதிகார மன்னன் மிகிர போஜனின் ஆதிவராக திரம்மத்தில் வெள்ளி குறைவு, செம்பு அதிகம். அதைச் சுத்த வெள்ளி விலைக்கு வாங்கக் கூடாது. அக்பர் காலத்து 'தாம்' முழுச் செம்பு, ஏறக்குறைய 21 கிராம், ரூபாய்க்கு 40. இந்தியில் விலையைக் குறிக்கும் 'தாம்' இதிலிருந்து வந்தது. தமிழ்க் கல்வெட்டுகளில் வரும் திரமமும் இதே குடும்பம். ஹோமியோபதிக் கடையில் கேட்கும் '2 டிராம் குப்பி'கூட அதே சொல். ஆனால் அங்கே அது கொள்ளளவு, ஒரு டிராம் ஏறக்குறைய 3.6 மில்லி.

சோதிக்க, 0.01 கிராம் காட்டும் சிறு தராசு போதும். முதலில் 2011-க்குப் பின் வந்த 22 மி.மீ. அகல ஒரு ரூபாய்க் காசை வையுங்கள், 3.79 அளவில் காட்டாவிட்டால் தராசைச் சரிசெய்யுங்கள். பிறகு தராசின் மேல் தண்ணீர்க் கிண்ணத்தை வைத்துப் பூஜ்யமாக்கி, காசை மெல்லிய நூலில் கட்டி, அடியில் தொடாமல் முழுக்க அமிழ்த்துங்கள். தராசு காட்டும் எண்ணால், காசைத் தனியாக நிறுத்தபோது வந்த எடையை வகுத்தால் அடர்த்தி. நல்ல வெள்ளி 10.5-ஐ ஒட்டி வரும். செம்பின் மேல் வெள்ளி முலாம் என்றால் 9 பக்கம் இறங்கும். 2.45 கிராம் காசுக்குத் தண்ணீரில் தராசு 0.23 காட்ட வேண்டும், 0.27 வந்தால் உள்ளே செம்பு. நூலோடு ஒட்டும் காற்றுக்குமிழியைத் தட்டிவிடாவிட்டால் எண் கூடிப்போய் நல்ல காசும் போலியாகத் தெரியும். 0.7 கிராம் ஓபோலுக்கு இந்தச் சோதனை உதவாது: 0.07, 0.08 என்ற ஒரே புள்ளி வித்தியாசம் விடையை 10-லிருந்து 8.75-க்குத் தள்ளிவிடும்.

எடை சரியாக இருந்தாலும், உலோகத்தை உருக்கி ஊற்றிச் செய்த வார்ப்புப் போலி தப்பிவிடும். 10 மடங்கு லென்சில் விளிம்பைச் சுற்றிப் பாருங்கள். ஒட்டுக்கோடு, அரம் போட்ட கீறல், எழுத்தின் அடியில் ஊசிமுனைக் குழிகள் இருந்தால் விட்டுவிடுங்கள். பழங்காசைக் கையால் அடித்தார்கள். ஒரே அச்சில் வந்த இரண்டு காசுகூட விளிம்பில் ஒன்றுபோல் வெடிக்காது. ஒரே வெடிப்பு, ஒரே ஓரச்சாய்வோடு இரண்டு காசு விற்பனையில் கண்டால் இரண்டையும் தொடாதீர்கள். எதையும் புளி, பற்பசை போட்டுத் தேய்க்கவும் வேண்டாம். கரும்படலம் போனால் விலையும் போகும், சோதிக்க இருந்த தடயமும் போகும்.

நூறு ஆண்டு கடந்த காசு 1972-ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டத்தின் கீழ் வரும். தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது, தபாலிலும்கூட. மண்ணில் புதையலாகக் கிடைத்தது 10 ரூபாய் மதிப்பைத் தாண்டினால் 1878 சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். கிரீஸின் பழைய டிராக்மா நோட்டுகளை 'வங்கியில் மாற்றலாம்' என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். 340.75 டிராக்மாவுக்கு 1 யூரோ என்று மாற்றித் தந்த வசதி 2012 மார்ச் 1-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது.