ரீயூனியனில் வயர்லெஸ் மைக்: லைசென்ஸ் வேண்டாம், ஆனால் லேபிளைப் படிக்க வேண்டும்

பிரான்சின் தீவான நம் ரீயூனியனில் வயர்லெஸ் மைக் பயன்படுத்த லைசென்ஸ் தேவையில்லை. கோயில் சங்கம், தமிழ் வகுப்பு, கல்யாண வீடு, யாராக இருந்தாலும் சரி. விண்ணப்பம் கிடையாது, கட்டணம் கிடையாது, முத்திரை குத்திய தாளும் கிடையாது. இல்லாத அந்தத் தாளைத் தேடி மேரிக்கும் (மேயர் அலுவலகம்) பிரிஃபெக்சருக்கும் (அரசுப் பிரதிநிதி அலுவலகம்) அலைக்கழிக்கப்பட்ட சங்கத் தலைவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை முதல் வரியிலேயே சொல்கிறேன். ஒரு கவுன்டரில், ‘அலைவரிசை அனுமதியைக் கொண்டுவாருங்கள், அப்புறம் விழாவைப் பற்றிப் பேசலாம்’ என்பார்கள். அடுத்த கவுன்டரில், ‘அது எங்கள் வேலை இல்லை’ என்பார்கள். இரண்டாமவர் சொல்வது உண்மை. முதலாமவர் கேட்பது சட்டத்திலேயே இல்லாத ஒன்று.

பின்னணி சுருக்கமாக: பிரான்சில் அலைவரிசைகளுக்கு விதி வகுப்பது ஆர்செப். டிவி அலைவரிசைகளைக் கவனிப்பது ஆர்கோம். யார் யாருக்கு இடைஞ்சல் செய்கிறார்கள் என்று கண்காணிப்பது ஏ.என்.எஃப்.ஆர் எனப்படும் தேசிய அலைவரிசை முகமை. இவ்வளவு தெரிந்தால் போதும்.

லைசென்ஸ் வேண்டாம் என்பதற்கு ஒரு நிபந்தனை உண்டு, கடைக்காரர்கள் பெரும்பாலும் விழுங்கிவிடுவது அதைத்தான். மைக் எந்த அலைவரிசையில் ஓடுகிறது என்பதைப் பொறுத்தே இந்தச் சுதந்திரம். 470 முதல் 694 மெகாஹெர்ட்ஸ் வரை, 50 மில்லிவாட்டுக்கு மிகாமல், உங்கள் ஊரில் டிவி ஓடாத சேனலில் ஓடினால் சரி. 863 முதல் 865 வரை 10 மில்லிவாட்டுக்குள் ஓடினாலும் சரி. 823 முதல் 832 வரையும் 1785 முதல் 1805 வரையும்கூட மைக்குக்கு இடம் உண்டு, ஆனால் நம் பக்கத்துக் கோயில்களில் அந்த செட்டுகள் அபூர்வம். 2.4 கிகாஹெர்ட்ஸ் செட்டுக்கும் லைசென்ஸ் வேண்டாம். அது வைஃபையோடு முட்டிக்கொள்ளும், கூட்டம் சேரச் சேர மோசமாகும். பத்துப் பிள்ளைகள் உட்காரும் வகுப்பறைக்குப் போதும், தேர்த் திருவிழாவுக்கு ஆகாது.

694-க்கு மேலே 790 வரை மைக்குக்கு இடமில்லை. ஒரு காலத்தில் இருந்தது. பிறகு டிவி அங்கிருந்து இறங்கியது, மொபைல் கம்பெனிகள் ஏறின. மெட்ரோபோலில், அதாவது ஐரோப்பாவில் உள்ள பிரான்சில், அந்த மாற்றம் 2016-இல் தொடங்கி 2019 நடுவில் முடிந்தது. நம் தீவில் அந்த அலைவரிசை 2022-இல் மொபைல் கம்பெனிகளுக்குப் போனது. அதற்கு மேலே 791 முதல் 821 வரையும் 832 முதல் 862 வரையும் ஏற்கெனவே மொபைலுடையவை.

மக்கள் ஏமாறுவது இங்கேதான். அந்தப் பழைய செட்டுகள் குப்பைக்குப் போகவில்லை, ‘நல்ல கண்டிஷன்’ என்று பாதி விலைக்குக் கைமாறுகின்றன. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிப் பெட்டியில் போட்டுக் கொண்டுவரும் செட்டுகளிலும் 700, 800-இல் ஓடுபவை உண்டு. வாங்கியவர் வீட்டில் போட்டுப் பார்ப்பார், கணீரென்று கேட்கும். கோயிலில் முந்தின நாள் ஒத்திகையிலும் கேட்கும். தீமிதி அன்று ஆயிரம் பேர் கூடியதும் கரகரவென்று இழுத்து, அர்ச்சனை நடுவில் அறுந்துவிடும். மைக் பிடித்தவரைத் திட்டிப் பயனில்லை. 703 முதல் 733 வரையும் 832 முதல் 862 வரையும் கைபேசிகள் அலை அனுப்பும் இடங்கள். பக்தர்கள் கையைத் தூக்கி நேரலை காட்ட ஆரம்பித்ததும் ஒவ்வொரு போனும் உங்கள் ரிசீவர் பக்கத்திலேயே ஒரு டிரான்ஸ்மிட்டர் ஆகிறது.

ஆகவே காசு கொடுக்குமுன் லேபிளைப் பாருங்கள். கைமைக்கின் அடிமூடியைக் கழற்றினால், பேட்டரி போடும் இடத்திலோ உடம்பிலோ அலைவரிசை எண் அச்சிட்டிருக்கும். ரிசீவரின் பின்புறத்திலும் இருக்கும். மாடல் பெயரை நம்பாதீர்கள். ஒரே மாடல் பல அலைவரிசைகளில் வருகிறது, ஒற்றை எழுத்துதான் வித்தியாசம். சென்ஹைசர் என்ற மைக் கம்பெனியின் ஜி-4 வரிசையை எடுத்துக்கொள்வோம். ‘ஏ’ என்றால் 516 முதல் 558 வரை, ‘ஜிபி’ என்றால் 606 முதல் 648 வரை, இரண்டும் தாராளமாக ஓடும். ‘சி’ 734 முதல் 776 வரை, ‘டி’ 780 முதல் 822 வரை, இரண்டையும் தொடவே வேண்டாம். ‘இ’ தான் பொல்லாதது. 823 முதல் 865 வரை என்று போட்டிருக்கும், இரண்டு ஓரமும் சட்டப்படி சரி, நடுப்பகுதி முழுக்க மொபைல். ‘இது ஐரோப்பாவில் அனுமதிக்கப்பட்டது சார்’ என்று விற்பவர் சொல்வது பொய்யில்லை, முழு உண்மையும் இல்லை.

அட்டைப்பெட்டியையும் திருப்பிப் பாருங்கள். ஐரோப்பிய விதிகளுக்கு உட்பட்டது என்று காட்டும் சிஇ முத்திரை இருக்க வேண்டும். பக்கத்தில் சிறு கட்டம் போட்டு நாடுகளின் ஈரெழுத்துக் குறிகள் இருந்தால், அந்த நாடுகளில் இந்தக் கருவிக்குக் கட்டுப்பாடு உண்டு என்று அர்த்தம். அதில் பிரான்சின் குறியும் இருந்தால் உள்ளே இருக்கும் தாளைப் படிக்காமல் வாங்காதீர்கள். முத்திரையே இல்லாத செட்டை, எவ்வளவு மலிவானாலும், கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

694-க்குக் கீழே உள்ள இடமும் பறிபோய்விடுமோ என்று சிலர் வாங்கத் தயங்குகிறார்கள். 2017-இல் எடுத்த ஐரோப்பிய முடிவின்படி குறைந்தது 2030 வரை அந்த இடம் டிவிக்கும் மைக்குக்கும்தான். பயந்துகொண்டு காத்திருக்க வேண்டாம்.

இனி காசு. மெட்ரோபோல் கடையிலிருந்து வரவழைத்தால் விலையில் 20 சதவீத டிவிஏ, அதாவது மதிப்புக் கூட்டு வரி, சேர்ந்திருக்கும். நம் தீவுக்கு அனுப்பும்போது அதைக் கழித்துத்தான் பில் போட வேண்டும், ஏனென்றால் இங்கே இறங்கியதும் 8.5 சதவீத டிவிஏவும் அதற்கு மேல் ஒக்த்ருவா தெ மேர் என்ற சரக்கு வரியும் கட்ட வேண்டியிருக்கும். பலர் அங்கேயும் கட்டி இங்கேயும் கட்டுகிறார்கள். ஆர்டர் போடுமுன் ‘ரீயூனியனுக்கு, வரி நீக்கிய பில்’ என்று எழுத்தில் கேளுங்கள். பணம் போனபிறகு கேட்டால் மின்னஞ்சல்தான் போய் வரும், காசு வராது. கூரியர்காரர் சுங்க வேலைக்கென்று தனியாகக் கேட்கும் கட்டணத்தையும் கணக்கில் வையுங்கள்.

இன்னொரு பொறி, பில் யார் பெயரில் என்பது. இணையத்தில் வாங்கிய தனிநபருக்கு 14 நாளுக்குள் காரணம் சொல்லாமல் திருப்பித் தரும் உரிமை உண்டு. சங்கத்தின் பெயரில் பில் போட்டால், ‘நீங்கள் நுகர்வோர் அல்ல’ என்று விற்பவர் சட்டம் பேசுவார். சங்கக் கணக்குக்கு சங்கத்தின் பெயரில்தான் பில் வேண்டும், அதுவும் சரிதான். அப்படியானால் திருப்பித் தரும் உரிமையை முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இங்கே பயன்படுத்த முடியாத செட்டை இங்கேயே விற்றவர் மழுப்பினால், சிக்னல்கோன்சோ என்ற அரசுத் தளத்தில் புகார் பதியுங்கள். பதிந்துவிட்டேன் என்று சொன்னதும் பேச்சின் தொனி மாறுவதைப் பார்ப்பீர்கள்.

அலுவலகங்களுக்கு வருவோம். மைக்குக்கு அனுமதி வேண்டாம், ஆனால் தெருவில் ஒலிபெருக்கிக்கும் போக்குவரத்தை நிறுத்துவதற்கும் மேயரின் அனுமதி வேண்டும். கவுன்டரில் இரண்டையும் ஒன்றாகக் குழப்புவார்கள், நீங்கள் குழம்பாதீர்கள். உள்ளூர் வழக்கப்படி நடக்கும் ஊர்வலத்துக்கு முன்னறிவிப்பு கட்டாயமில்லை என்று சட்டமே விலக்கு தருகிறது. வருஷா வருஷம் அதே தெருவில் போகும் காவடி அதில் அடங்கும் என்று வாதாடலாம். ஆனால் சாலையை மூட வேண்டுமென்றால் மேயரின் உத்தரவு வேண்டும், அது ஒரு நாளில் வராது. மனுவில் ‘வயர்லெஸ்’ என்ற சொல்லையே போடாதீர்கள். ‘ஒலிபெருக்கி, இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை, இந்தத் தெருக்கள்’ என்று எழுதினால் போதும். தேவையில்லாத சொல் ஒன்று போட்டால் தேவையில்லாத கேள்வி நான்கு வரும்.

வாய்ப்பேச்சில் எதையும் விடாதீர்கள். மனுவை எழுதிக் கொடுத்துப் பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சி கேளுங்கள், அதைத் தருவது அவர்கள் கடமை. ‘இது எங்கள் துறை இல்லை’ என்று திருப்பிவிட்டால், பொதுமக்களுக்கும் நிர்வாகத்துக்கும் இடையிலான உறவுச் சட்டத்தொகுப்பின் எல்.114-2 பிரிவைச் சொல்லுங்கள். தவறான அலுவலகத்துக்கு வந்த மனுவைச் சரியான அலுவலகத்துக்கு அனுப்பி, உங்களுக்கும் தகவல் சொல்ல வேண்டியது அந்த அலுவலகம்தான். நீங்கள் பஸ் ஏறித் தலைநகர் சேன் தெனிக்குப் போக வேண்டியதில்லை. இந்தப் பிரிவு பலருக்குத் தெரியாது, கவுன்டரில் இருப்பவர்களுக்கும்தான்.

மைக் இரைகிறது என்று ஏ.என்.எஃப்.ஆரிடம் புகார் செய்ய நினைப்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள். மொபைல் கோபுரத்தால் உங்கள் வீட்டு டிவி கெட்டால் அவர்களிடம் சொல்லலாம், மொபைல் கம்பெனி தன் செலவில் சரி செய்ய வேண்டும். மைக்குக்கு அந்த உரிமை இல்லை. லைசென்ஸ் இல்லாத சுதந்திரத்தின் மறுபக்கம் இது: நீங்கள் யாருக்கும் இடைஞ்சல் செய்யக்கூடாது, உங்களுக்கு இடைஞ்சல் வந்தால் பாதுகாப்பும் கிடையாது. உங்கள் செட்டே 700-இல் ஓடிக்கொண்டிருந்து அதனால் மொபைல் சேவை கெட்டதென்று தெரிந்தால், ஆய்வுக்கு வந்த செலவென்று ஒவ்வொரு முறைக்கும் 450 யூரோ உங்கள் தலையில் விழும். விதியை மீறி அலைவரிசையைப் பயன்படுத்தினால் ஆறு மாதம் சிறை, 30,000 யூரோ அபராதம் வரை சட்டத்தில் இடமுண்டு. அந்த எண்களைக் காட்டிப் பயமுறுத்தி, ‘லைசென்ஸ் வாங்கித் தருகிறேன்’ என்று பணம் கேட்பவர் வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். அவரிடம் விற்பதற்கு எதுவும் இல்லை.

தமிழ்நாட்டிலிருந்து நாதஸ்வரக் குழுவோ பாட்டுக் குழுவோ வந்தால் அவர்கள் மைக்கையும் சேர்த்தே கொண்டுவருவார்கள். மரியாதைக்காக விட்டுவிடாதீர்கள். ‘அண்ணே, இங்கே இந்த செட் ஓடாது, எங்களுடையதை வைத்துக்கொள்ளுங்கள்’ என்று டிக்கெட் போடும்போதே சொல்லிவிடுங்கள். மேடை ஏறியபிறகு சொன்னால் மனஸ்தாபம்தான் மிஞ்சும்.

சரி, செட் கையில் வந்துவிட்டது. ரிசீவரை ஆம்ப்ளிஃபயர் மேல் வைத்துத் துணியால் மூடுவது நம் ஊர் வழக்கம், அதை விடுங்கள். தகரக் கூரைக்கு அடியில், இரும்பு அலமாரிக்குள், எல்இடி திரைக்குப் பக்கத்தில் வைத்தால் எந்த விலை செட்டும் இரையும். ஆள் தலைக்கு மேல் உயரத்தில், மைக் பிடிப்பவரை நேராகப் பார்க்கும் இடத்தில் வையுங்கள். இரண்டு ஆன்டெனாவையும் ‘வி’ மாதிரி விரித்துவையுங்கள். மைக் ரிசீவருக்கு இரண்டு மூன்று மீட்டர் தள்ளியே இருக்கட்டும். கர்ப்பக்கிரகத்துக்குள் இருந்து குருக்கள் பேசுகிறார் என்றால் ரிசீவர் வாசலுக்கு நேரே இருக்க வேண்டும். கான்கிரீட்டைத் துளைத்துக்கொண்டு அலை வரும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

அலைவரிசை தேர்ந்தெடுக்க, முதலில் உங்கள் மைக்குகள் எல்லாவற்றையும் அணையுங்கள். விளக்கு, திரை, மிக்ஸர் எல்லாம் எரியட்டும். அப்புறம் ரிசீவரில் ஸ்கேன் போடுங்கள். காலியான இடத்தை அதுவே காட்டும். டிவி ஒரு சேனலுக்கு 8 மெகாஹெர்ட்ஸ் எடுத்துக்கொள்ளும், 470-இல் தொடங்குவது 21-ஆம் சேனல், 694-இல் முடிவது 48. உங்கள் முகவரிக்கு எந்தச் சேனல்கள் ஓடுகின்றன என்பதை ஆர்கோம் தளத்தில் பார்த்து அவற்றைத் தவிருங்கள். நடுவில் மலை நிற்கும் தீவு இது. சேன்-ஆந்த்ரேயில் காலியாக இருந்த இடம் சேன் பியேரில் காலியாக இருக்கும் என்று எண்ண வேண்டாம். செட்டை வேறு ஊருக்கு எடுத்துப்போனால் மறுபடி ஸ்கேன் போடுங்கள்.

மைக் இரண்டுக்கு மேல் இருந்தால் மனம்போன எண்களை வைக்காதீர்கள். தயாரிப்பாளர் கொடுத்த ஒரே குரூப்புக்குள் உள்ள சேனல்களையே வையுங்கள், இல்லாவிட்டால் அவை ஒன்றையொன்று கெடுக்கும். ஒரே அலைவரிசையில் இரண்டு மைக்கை ஒரே நேரத்தில் ஆன் செய்யவே கூடாது. பலவீனமான சிக்னலை அடக்கும் ஸ்குவெல்ச் அளவைத் தேவைக்கு மேல் ஏற்றினால் இரைச்சல் போகும், தூரமும் போகும். மைக் பிடிப்பவர் மைக்கின் கம்பிவலைத் தலையையும் அடிப்பகுதியையும் மூடிப் பிடிக்காமல் நடுவில் பிடிக்கட்டும். ரிசீவரின் வெளியீடு மைக் அளவா லைன் அளவா என்று பின்புறப் பொத்தானைப் பாருங்கள், பாதி உறுமலுக்குக் காரணம் அங்கேதான். பூஜை தொடங்குமுன் புது பேட்டரி போடுங்கள். நேற்றைய பேட்டரி மூன்று கோடு காட்டினாலும் நம்பாதீர்கள். மேடை ஓரத்தில் வயர் மைக் ஒன்றை இணைத்தே வைத்திருங்கள்.