நன்றாகத் தின்றும் இளைக்கும் பூனை

திருவிடைமருதூருக்கு அருகே பெரியம்மா வீட்டில் வளரும் பெட்டைப் பூனைக்கு 13 வயது. சம்பா அறுவடை முடிந்த தை மாதத்தில் அங்கே போயிருந்தபோது அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். முதுகெலும்பின் கணுக்கள் ஒவ்வொன்றாக விரலில் தட்டுப்பட்டன. அடர்ந்த முடியும் அடிவயிற்றில் தொங்கும் தோல் மடிப்பும் அப்படியே இருந்ததால், பார்க்கிறவர் கண்ணுக்கு அது மெலிந்ததாகவே தோன்றவில்லை. "சாப்பாட்டுக்கு ஒரு குறையும் இல்லடா, முன்னைக்கு ரெண்டு மடங்கு தின்னுது. வயசாயிட்டா இளைக்கத்தானே செய்யும்" என்றார் பெரியம்மா. அவர் சொன்னவற்றுள் முதலாவது, எந்த மருத்துவரும் கேட்க விரும்பும் அருமையான தகவல். இரண்டாவது, அந்தத் தகவலைப் பயனற்றதாக்கிவிடும் முடிவு.

தெருமுனை மளிகைக் கடையின் மின்னணுத் தராசில், பூனையைக் கட்டைப்பைக்குள் உட்காரவைத்து நிறுத்தோம். பையின் எடையைக் கழித்த பிறகு 3 கிலோ 300 கிராம் இருந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் தடுப்பூசி போட்ட அட்டையில் 4 கிலோ 100 கிராம் என்று எழுதியிருந்தது. 800 கிராம் என்றால் கத்தரிக்காய் வாங்கும் கணக்கில் ஒன்றும் பெரிதில்லை. ஆனால் அந்தச் சிறிய உடலில் அது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. 60 கிலோ எடையுள்ள ஒருவர் 12 கிலோ குறைந்து வந்து நின்றால் வீட்டார் சும்மா இருப்பார்களா? பூனையைப் பொறுத்தவரை எடைக்குறைவைக் கிராமில் அல்லாமல் விழுக்காட்டில்தான் பார்க்க வேண்டும். உணவைக் குறைக்காமலேயே சில மாதங்களில் 5 விழுக்காடு குறைந்தாலும் அதற்குக் காரணம் தேட வேண்டும்.

டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்க நீர்ப்பாசனத்தை விட்டால் வேறு நல்ல உவமை கிடைப்பதில்லை. வழக்கப்படி ஜூன் 12 அன்று மேட்டூரில் திறக்கும் தண்ணீர் கடைமடைக்கு வந்து சேரவில்லை என்றால் அதற்கு நான்கு காரணங்கள் இருக்கலாம்: அணையில் திறந்ததே குறைவாக இருக்கலாம்; வாய்க்கால் கரை உடைந்து வழியிலேயே வீணாகியிருக்கலாம்; மேல்மடை வயல்கள் வழக்கத்துக்கு மீறி இழுத்திருக்கலாம்; வயலுக்கு வந்த நீர் வடிகாலில் ஓடிப்போயிருக்கலாம். பூனையின் உடலிலும் தின்பது, உட்கிரகிப்பது, எரிப்பது, சிறுநீரில் இழப்பது என்று நான்கு இடங்கள் உள்ளன. எனவே முதலில் கேட்க வேண்டிய கேள்வி, பூனை எவ்வளவு தின்கிறது என்பதுதான். நன்றாகத் தின்றும் இளைக்கும் பூனைக்கும், தின்னாமல் இளைக்கும் பூனைக்கும் தேட வேண்டிய நோய்கள் பெரும்பாலும் வேறு வேறு.

நன்றாகத் தின்றும் இளைக்கும் முதிய பூனையிடம் முதலில் சந்தேகிக்க வேண்டியது தைராய்டு சுரப்பியை. கழுத்தில் மூச்சுக்குழாயின் இருபுறமும் ஒட்டியிருக்கும் இந்தச் சுரப்பி தரும் தைராக்ஸின்தான், உடலின் ஏறக்குறைய எல்லாச் செல்களும் எவ்வளவு வேகமாக எரிபொருளைச் செலவழிக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. இயல்பான நிலையில், இரத்தத்தில் தைராக்ஸின் கூடியதும் மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி தன் தூண்டுதலைக் குறைத்துக்கொள்ளும், தைராய்டும் அடங்கிவிடும். முதிய பூனைகள் சிலவற்றில் இந்தச் சுரப்பிக்குள் சிறு முடிச்சுகள் வளர்ந்து, தூண்டுதல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தம்பாட்டுக்குச் சுரந்துகொண்டே இருக்கின்றன. இவற்றில் புற்றுநோயாக இருப்பது நூற்றுக்கு மூன்றுக்கும் குறைவே. ஆனாலும் விளைவு கடுமையானது: இதயம் ஓயாமல் விரைந்து துடிக்கிறது, குடல் வேகமாகத் தள்ளுகிறது, கொழுப்பு கரைகிறது, பிறகு தசையும் கரைகிறது. எவ்வளவு தின்றாலும் செலவுக்குப் போதாத நிலை அது. 1979-இல் நியூயார்க்கில்தான் இந்த நோய் பூனைகளில் முதன்முதலாக மருத்துவ முறைப்படி விவரிக்கப்பட்டது. இன்று முதிய பூனைகளுக்கு வரும் ஹார்மோன் நோய்களில் மிகப் பரவலாக அறியப்பட்டதும் இதுவே.

இந்த நோயின் வஞ்சகம், பூனை நோயாளியைப் போலத் தோன்றாமல் இளமை திரும்பியதைப் போலத் தோன்றுவதில்தான் இருக்கிறது. பெரியம்மாவின் பூனை பல ஆண்டுகளாக ஏறாத பரணில் மீண்டும் ஏறத் தொடங்கியிருந்தது. நள்ளிரவில் முற்றத்தில் நின்று குரல் கொடுத்தது. அதை வீட்டில் எல்லோரும் பெருமையாகச் சொன்னார்கள்.

நன்றாகத் தின்றும் இளைப்பதற்கு அடுத்த காரணம் நீரிழிவு. பூனைகளுக்கு வருவது பெரும்பாலும் மனிதர்களின் இரண்டாம் வகை நீரிழிவைப் போன்றது. கொழுத்த, கருத்தடை செய்யப்பட்ட கடுவன்களிடம் அதிகம் காணப்படுகிறது. இன்சுலின் சரிவர வேலை செய்யாததால் சர்க்கரை செல்களுக்குள் நுழைய முடியாமல் இரத்தத்தில் தேங்கி, சிறுநீரில் வழிந்து, கூடவே தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகிறது. பூனை சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்த்தால், அதைப் பார்த்த பாட்டிமார்கள் சொல்லும் சந்தேகம் பெரும்பாலும் வீண்போவதில்லை. சில பூனைகளுக்குப் பின்னங்கால் நரம்புகள் பாதிக்கப்பட்டு, குதிகால் தரையில் படும்படி நடக்கத் தொடங்கும். இங்கே ஒரு சிக்கலும் உண்டு. மருத்துவமனைக்கு வந்த பயத்தாலேயே பூனையின் இரத்தச் சர்க்கரை தாறுமாறாக ஏறிவிடும். அதனால், கடந்த ஓரிரு வாரங்களின் சராசரியைக் காட்டும் ஃப்ரக்டோசமைன் என்னும் பரிசோதனையையும் சேர்த்துப் பார்த்தே உறுதி செய்கிறார்கள்.

குடலில் நேரும் கசிவு இவ்வளவு வெளிப்படையாகத் தெரிவதில்லை. 12 வயதைக் கடந்த பூனைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றுக்குக் கொழுப்பைச் செரிக்கும் திறன் குறைகிறது; 14 வயதுக்குப் பிறகு ஐந்தில் ஒன்றுக்குப் புரதம் செரிக்கும் திறனும் குறைகிறது. நாள்பட்ட குடல் அழற்சியும், மெதுவாக வளரும் ஒருவகை நிணநீர்ப் புற்றும் குடல் சுவரைத் தடிக்கவைத்து உட்கிரகிப்பைக் கெடுக்கின்றன. வாந்தியும் பேதியும் இல்லாமல் எடைக்குறைவு மட்டுமே தெரிகிற பூனைகளும் உண்டு. சிறுகுடலின் கடைசிப் பகுதி கெட்டால் வைட்டமின் பி12 இரத்தத்தில் சேராது. அது குறைந்தால் பசியும் குறைந்துவிடும். வயல் எலி பிடித்துத் தின்னும் நம் ஊர்ப் பூனைகளுக்கு நாடாப்புழு சாதாரணம்தான். பூச்சி மருந்து கொடுக்கட்டும். ஆனால் இவ்வளவு எடை குறைந்த முதிய பூனையின் நோயைப் புழுவின் தலையில் கட்டிவிட்டு ஓய்ந்துவிடக் கூடாது.

தின்னாமல் இளைக்கும் பூனையிடம் பல்லையும் சிறுநீரகத்தையும் பார்க்க வேண்டும். பூனைகளுக்குப் பல்லே உள்ளிருந்து கரைந்துபோகும் ஒரு நோய் உண்டு. பசியோடு தட்டருகே வந்து, முகர்ந்து பார்த்து, திரும்பிப் போகும் பூனைக்குப் பெரும்பாலும் வாயில் வலி இருக்கும்.

சிறுநீரகத்தின் கதை சற்று நீளமானது. பூனையின் ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறக்குறைய 2 லட்சம் வடிப்பான்கள் இருக்கின்றன. கெட்டது கெட்டதுதான், புதிதாக முளைப்பதில்லை. வறண்ட நிலத்துக் காட்டுப்பூனையின் வழிவந்த விலங்கு என்பதால், நீரைச் சேமித்துச் சிறுநீரை மிக அடர்த்தியாக வெளியேற்றும் திறன் அதற்கு உண்டு. மூன்றில் இரண்டு பங்கு வடிப்பான்கள் போன பிறகு அந்தத் திறன் குலைந்து, பூனை அடிக்கடி தண்ணீர்த் தொட்டியைத் தேடுகிறது. நான்கில் மூன்று பங்கு போன பிறகுதான், சிறுநீரகம் வடித்து வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் இரத்தத்தில் வெளிப்படையாக உயர்கிறது. அதற்கு வெகுநாள் முன்பே, சில பூனைகளில் நோய் கண்டறியப்படுவதற்கு மூன்று ஆண்டுகள் முன்பிருந்தே, எடை இறங்கத் தொடங்கிவிடுகிறது. தராசு இரத்தப் பரிசோதனையை முந்திக்கொள்ளும் அரிய இடம் இது.

எந்த நோயாக இருந்தாலும் பூனையின் தசை ஏன் இவ்வளவு விரைவாகக் கரைகிறது என்பதற்கு அதன் கல்லீரலில் விடை இருக்கிறது. நாமும் நாயும் புரதம் குறைவாகக் கிடைக்கும் காலத்தில் புரதத்தைச் சிதைக்கும் நொதிகளைப் பெருமளவு அடக்கிக்கொள்வோம். இறைச்சியை மட்டுமே நம்பிப் பரிணமித்த பூனைக்கு அந்தச் சிக்கனம் கைவரவில்லை; வெளியிலிருந்து புரதம் வராவிட்டால் தன் தசையை எடுத்தே எரிக்கும். நம் வீடுகளில் பல் போன கிழப் பூனைக்குப் பரிவோடு பிசைந்து வைக்கும் பால்சோற்றில் புரதம் குறைவு. வளர்ந்த பூனைக்குப் பாலின் லாக்டோஸ் எளிதில் செரிப்பதுமில்லை. குழம்பு மீனை அப்படியே போடுவதும் தவறு, ஏனெனில் சின்ன வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். முள் நீக்கி, உப்பும் மசாலாவும் இல்லாமல் வேகவைத்த மீனோ கோழிக்கறியோ போதும்.

இரண்டு செய்திகளை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். கொழுத்த பூனை இரண்டு மூன்று நாள் அறவே தின்னாமல் இருந்தால், உடல் அவிழ்த்துவிடும் கொழுப்பு கல்லீரலில் குவிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அது காத்திருக்கும் சமயமன்று. சோர்ந்து கிடக்கிறதே என்று வீட்டிலுள்ள பாராசிட்டமாலைக் கொடுப்பது அதைவிட மோசம்: அதை நச்சு நீக்கி வெளியேற்றும் நொதி பூனையிடம் போதிய அளவு இல்லாததால், ஒரு மாத்திரையே கொன்றுவிடும்.

பசுவும் ஆடும் கோழியுமே பெரும்பான்மையாக வரும் டெல்டாவின் கால்நடை மருந்தகங்களில் முதிய பூனைக்கான எல்லாப் பரிசோதனைகளும் கிடைப்பதில்லை. ஒரத்தநாட்டில் 2012 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருப்பது தஞ்சை வட்டாரத்துக்கு ஒரு வசதி. நாங்கள் காட்டிய மருத்துவர் கழுத்தை நீவிப் பார்த்து, இடப்புறம் பயறு அளவுக்கு ஒரு முடிச்சு நழுவுவதை என் விரலுக்கும் காட்டினார். இரத்தத்தில் தைராக்ஸின் இயல்பாக டெசிலிட்டருக்கு ஏறக்குறைய 4 மைக்ரோகிராமுக்குள் இருக்க வேண்டும். இதற்கு 9-ஐத் தாண்டியிருந்தது.

வசதியுள்ள நாடுகளில் இதற்குக் கதிரியக்க அயோடின் ஊசி போடுகிறார்கள். அயோடினை ஆவலோடு உறிஞ்சும் முடிச்சு, அந்த ஆவலாலேயே அழிகிறது. பிட்யூட்டரியின் தூண்டுதல் இல்லாமல் உறங்கிக் கிடக்கும் நல்ல திசு பெரும்பாலும் தப்பிவிடுகிறது. எங்களுக்குக் கிடைத்தது மெத்திமசோல் மாத்திரை. அது முடிச்சைக் கரைக்காது. அயோடினைச் சேர்த்துத் தைராக்ஸின் செய்யும் வேலையை மட்டும் தடுக்கும். ஆகவே ஆயுள் முழுதும் கொடுக்க வேண்டும்.

மருத்துவர் குறைந்த அளவில் தொடங்கியதற்கும் மூன்றே வாரத்தில் மறுபடி இரத்தம் எடுத்ததற்கும் காரணம் உண்டு. மிகையான தைராக்ஸின் சிறுநீரகத்தின் வழியே இரத்தத்தை வேகமாகப் பாய்ச்சி, கெட்டுப்போன சிறுநீரகத்தையும் நல்லதுபோலக் காட்டும். தசையிலிருந்து உண்டாகும் கழிவான கிரியாட்டினின், தசை கரைந்த பூனையில் இயல்பாகவே குறைந்திருப்பதும் அந்த மறைப்புக்குத் துணைபோகும். மாத்திரை வேலை செய்யத் தொடங்கியதும் திரை விலகி, அதுவரை ஒளிந்திருந்த சிறுநீரக நோய் வெளிப்படலாம். இந்தப் பூனைக்குக் கிரியாட்டினின் சற்றே கூடியது, வரம்பைத் தாண்டவில்லை.

எடையைப் பெரியம்மா முதலில் தினசரி காலண்டரில் எழுதி, மறுநாள் காலையில் வழக்கப்படி தாளைக் கிழித்துப் போட்டுவிட்டார். இப்போது அலமாரிக் கதவின் உட்புறத்தில் மாதம் ஒருமுறை, அதே கடைத் தராசில் நிறுத்து எழுதுகிறார். வைகாசியில் 3 கிலோ 700 கிராம். பூனை பரணில் ஏறுவதை விட்டுவிட்டது, இரவில் கத்துவதுமில்லை, திண்ணையில் வெயில் சாயும்வரை தூங்குகிறது. "மாத்திரை கொடுக்க ஆரம்பிச்சதுலேர்ந்து கிழவியாட்டம் ஆயிடுச்சுடா" என்று தொலைபேசியில் குறைப்பட்டுக்கொண்டார். அடுத்த இரத்தப் பரிசோதனை ஆடியில்.