களைக்கு அடிக்கும் அட்ரசின் கருவுறுதலைப் பாதிக்குமா?

மக்காச்சோளம், கரும்பு வயல்களில் களை முளைக்கும் முன்பே தெளிக்கப்படும் அட்ரசின், பச்சை இலையில் ஒளிச்சேர்க்கையின்போது எலக்ட்ரான்கள் கைமாறும் இடத்தில் உள்ள ஒரு புரதத்தில் ஒட்டிக்கொண்டு அந்தச் செயலையே நிறுத்திவிடுகிறது. மக்காச்சோளம் இந்த நஞ்சைத் தன்னுள்ளேயே முறித்துவிடுவதால் தப்புகிறது, களை கருகுகிறது. மனித உடலில் ஒளிச்சேர்க்கை இல்லை என்பதால் நமக்குத் தீங்கில்லை என்று நினைக்கத் தோன்றும். ஆனால் எந்த மூலக்கூறும் தான் உருவாக்கப்பட்ட ஒரே வேலையோடு நின்றுவிடுவதில்லை.

கருமுட்டை வெளிவருவதற்கான கட்டளை மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸில் பிறக்கிறது. அங்கிருந்து வரும் தூண்டுதலால் பிட்யூட்டரி சுரப்பி லூட்டினைசிங் ஹார்மோனை ஓரிரு நாள்களுக்கு மட்டும் பெருமளவில் சுரக்க, அதன் விளைவாகக் கருமுட்டை சினைப்பையை விட்டு வெளியேறுகிறது. அட்ரசின் கொடுக்கப்பட்ட பெண் எலிகளில் இந்தத் திடீர்ச் சுரப்பு மங்கியது. ஹைப்போதலாமஸ் அனுப்பவேண்டிய தூண்டுதல் ஹார்மோனை வெளியிலிருந்து செலுத்தியபோது பிட்யூட்டரி வழக்கம்போல் வேலை செய்தது. ஆகவே தடை சுரப்பியில் அல்ல, அதற்கு மேலே மூளையில் ஏற்படுகிறது என்று தெரிந்தது. இது தவிர, ஆய்வகத்தில் வளர்க்கப்பட்ட மனிதச் செல்களில், ஆண் ஹார்மோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றும் அரோமடேஸ் நொதியையும் அட்ரசின் கூட்டுகிறது.

மனிதர்களிடம் இதன் சுவடு தெரிகிறதா? அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் வேளாண்மை மிகுந்த கொலம்பியா பகுதி ஆண்களின் விந்தணு அடர்த்தி மில்லிலிட்டருக்குச் சராசரியாக 5.9 கோடியாகவும், மினசோட்டா மாநிலத்தின் மினியாபோலிஸ் நகரத்தவருக்கு 9.9 கோடியாகவும் இருந்ததை ஆய்வாளர் ஷானா ஸ்வான் குழுவினர் 2003-இல் வெளியிட்டனர். தொடர்ந்து சிறுநீரைச் சோதித்தபோது, மிசௌரியில் விந்தின் தரம் குறைந்திருந்தவர்களிடம் அலக்ளோர், அட்ரசின் என்னும் களைக்கொல்லிகளின் சுவடும் டயசினான் என்னும் பூச்சிக்கொல்லியின் சுவடும் கூடுதலாக இருந்தன. 2011-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில், குடிநீரில் அட்ரசின் கலந்த இல்லினாய் மாநில ஊர்களின் பெண்களிடம், அட்ரசின் குறைவாகவே பயன்படும் வெர்மான்ட் மாநிலப் பெண்களைவிட மாதவிடாய்ச் சுழற்சி நீண்டிருந்தது. இரண்டிலும் பங்கேற்றோர் குறைவு. அட்ரசின்தான் காரணம் என்று இவற்றை வைத்து அறுதியிட முடியாது. ஆயினும் எலியின் மூளையில் கண்ட தடையும் பெண்களின் சுழற்சியில் கண்ட மாற்றமும் ஒரே திசையைச் சுட்டுவதைப் புறக்கணிப்பது சரியல்ல என்றே கருதுகிறேன்.

ஐரோப்பிய ஒன்றியம் 2004-இல் அட்ரசினுக்கு அனுமதி மறுத்தது, நிலத்தடி நீரில் அது லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராம் என்ற வரம்பைத் தாண்டியதால்தான். கருவுறுதல் குறித்த அச்சத்தால் அல்ல. அமெரிக்காவிலோ குடிநீருக்கான வரம்பு 3 மைக்ரோகிராம். இந்தியாவில் மக்காச்சோள விவசாயிகள் இன்றும் இதைப் பயன்படுத்துகின்றனர்.

அந்த 3 மைக்ரோகிராம் என்பது ஆண்டுச் சராசரி என்பதே எனக்கு மிகுந்த கவலை தருகிறது. மருந்தடித்த சில வாரங்களில் பெய்யும் மழை வயல்நீரை ஓடைக்கு அடித்துச் செல்லும்போது அளவு பன்மடங்கு உயர்ந்து, பிறகு தணிகிறது. ஆண்டு முழுவதற்கும் சராசரி பார்த்தால் அந்த உயர்வு கணக்கில் கரைந்துவிடும். கருமுட்டையை வெளியேற்றும் ஹார்மோன் எழுச்சியோ ஓரிரு நாள்களில் முடிந்துவிடுகிறது. தெளிப்புக் காலத்தில் வாரந்தோறும் நீரைச் சோதித்து, அந்த உச்ச அளவுக்கே வரம்பு விதிப்பதுதான் உடல் இயங்கும் முறைக்குப் பொருந்தும்.