மாத்திரையை நிறுத்துவதற்கு முன்

33 வயதுப் பெண். பாதி தீர்ந்த கருத்தடை மாத்திரை அட்டையை என் மேசையில் வைத்தார். "இதச் சாப்பிட்டா மார்பகப் புற்றுநோய் வருமாமே டாக்டர், வாட்ஸ்அப்புல வந்துச்சு. நிறுத்தி ஆறு வாரமாச்சு."

சரி, வேறு தடுப்பு? எதுவுமில்லை. முதல் வேலையாகக் கர்ப்பப் பரிசோதனை செய்தோம். நல்லவேளை, ஒரு கோடுதான்.

அந்தச் செய்தி முழுப் பொய்யுமல்ல. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்ட்டோஜன் என்ற இரண்டு ஹார்மோன்களும் கலந்த மாத்திரையைப் புகையிலை இருக்கும் அதே முதல் பட்டியலில்தான் வைத்திருக்கிறது. ஆனால் சான்று எவ்வளவு உறுதியானது என்பதைத்தான் அந்தப் பட்டியல் சொல்லும். ஆபத்தின் அளவை அல்ல.

அளவு தெரிய வேண்டுமானால், 1.8 மில்லியன் டென்மார்க் பெண்களை வைத்து 2017இல் வெளிவந்த ஆய்வைப் பார்க்கலாம். ஹார்மோன் கருத்தடை பயன்படுத்துவோருக்கு மார்பகப் புற்றுநோய் 20 விழுக்காடு அதிகம். கேட்டால் பகீர் என்கிறது. கணக்குப் போட்டால், 7,690 பேர் ஓராண்டு பயன்படுத்தினால் கூடுதலாக ஒருவருக்கு. 35 வயதுக்குக் கீழே, 50,000 பேரில் ஒருவருக்கு. புரோஜெஸ்ட்டோஜன் மட்டும் உள்ள மாத்திரைக்கு மாறினால் தப்பிக்கலாம் என்று சிலர் நினைப்பதுண்டு. அதிலும் ஏறக்குறைய இதே அளவுதான்.

கலப்பு மாத்திரை சினைப்பை, கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய்களைக் குறைக்கிறது. நிறுத்திப் பல ஆண்டுகள் ஆன பிறகும் அந்தப் பாதுகாப்பு நீடிக்கிறது. இதை யாரும் வாட்ஸ்அப்பில் அனுப்புவதில்லை.

கருப்பை வாய்ப் புற்றுநோய் மட்டும் வேறு கதை. ஐந்தாண்டுக்கு மேல் மாத்திரை எடுத்தால் ஆபத்து கொஞ்சம் கூடும். ஆனால் அதன் வேர் எச்பிவி கிருமி. சிங்கப்பூரில் 30 வயதிலிருந்து ஐந்தாண்டுக்கு ஒருமுறை எச்பிவி பரிசோதனை செய்துகொள்ளச் சொல்கிறோம். பலதுறை மருந்தகத்திலேயே செய்யலாம். நம் பெண்கள் கூச்சப்பட்டு அதைத் தள்ளிப்போடுவதுதான், மாத்திரையைவிட எனக்குக் கவலை.

35 வயதோ அதற்கு மேலோ ஆகிப் புகைபிடிப்பவர், கண்ணில் மின்னலடித்து ஒற்றைத் தலைவலி வருபவர் ஆகியோருக்குக் கலப்பு மாத்திரை தரமாட்டேன். காரணம் புற்றுநோய் அல்ல, ரத்தக்கட்டும் பக்கவாதமும்.

அப்புறம்தான் கேட்டேன், குடும்பத்தில் யாருக்காவது மார்பகப் புற்றுநோய்?

"சின்னம்மாவுக்கு. 41 வயசுல. பாட்டிக்கும் சினைப்பையில ஏதோ கட்டின்னு சொல்வாங்க."

பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். மார்பகமும் சினைப்பையும் ஒரே குடும்பத்தில் என்றால், பரம்பரையாக வருவதாக இருக்கலாம். சின்னம்மாவுக்கு மரபணுப் பரிசோதனை செய்தார்களா, பாட்டிக்கு என்னவென்று சொன்னார்கள் என்று விசாரித்துவிட்டு அடுத்த வாரம் வரச் சொன்னேன். அதுவரை ஆணுறை.